சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி: ஊசி குத்துமுன் கேட்க வேண்டிய கேள்வி



முன்பெல்லாம் பெரிய பட்டணத்துக்குப் போனால்தான் வயிற்று ஸ்கேன் எடுக்க முடியும். இன்று தாலுகா ஊர்களிலும் எடுக்கிறார்கள். இது நல்லதே. ஆனால் இதனால் ஒரு புதுப் பயமும் வந்திருக்கிறது. வயிற்றுவலி என்று போனவருக்கு, "சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருக்கிறது" என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டிலே அன்றிரவு யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

அந்தப் பயத்தை முதலில் நீக்கிவிடுகிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய அநேகருடைய சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி இருக்கும். மெல்லிய தோல், உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான். அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் அதற்கு வைத்தியமே தேவையில்லை. ஆனால் மிக அபூர்வமாக, அதே மாதிரித் தோன்றுகிற ஒரு கட்டிக்குள் உயிருள்ள ஒரு ஜீவன் வளர்ந்துகொண்டிருக்கும். அது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். மருத்துவர்கள் இதை ஹைடாடிட் கட்டி என்பார்கள். இதைச் சாதாரணக் கட்டி என்று எண்ணி, "ஊசியால் நீரை எடுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்பட்டால், அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. ஆகவே இந்த இதழில் இந்த நோயைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

நாய், ஆடு, மனிதன்

புழுவின் பெயர் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். நாடாப்புழு என்றவுடன் பலருக்குப் பல அடி நீளமுள்ள புழு ஞாபகத்துக்கு வரும். இது அப்படியல்ல. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் இதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். ஓர் அரிசிமணியைவிடச் சிறியது. நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். நாய்க்கு ஒரு கேடும் வெளியே தெரியாது. நன்றாகச் சாப்பிடும், ஓடும், வாலை ஆட்டும். அதன் மலத்தோடு கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் புல்லிலும் மண்ணிலும் விழுகின்றன. நாய் தன் உடம்பை நக்குவதால் அதன் வாயிலும் ரோமத்திலும் அவை ஒட்டியிருக்கும்.

அந்தப் புல்லை ஆடோ மாடோ மேயும்போது முட்டை அதன் வயிற்றுக்குள் போய்ப் பொரிகிறது. வெளிவரும் நுண்ணிய கரு, குடலின் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி, நீர்க்கட்டியாக வளர்கிறது. ஆட்டை அறுக்கிறபோது அந்தக் கட்டியுள்ள ஈரலை வீசி எறிகிறார்கள். நாய் அதைத் தின்கிறது. ஏறக்குறைய ஆறு ஏழு வாரத்தில் நாயின் குடலில் புதுப்புழுக்கள் முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். இவ்விதமாக நாயிலிருந்து ஆட்டுக்கும் ஆட்டிலிருந்து நாய்க்கும் இந்தச் சக்கரம் சுழல்கிறது.

மனிதன் இதில் தற்செயலாக வந்து விழுகிறவன். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடுவதாலும், மண் ஒட்டிய காய்கறி, கீரையைச் சரியாகக் கழுவாமல் உண்பதாலும், அசுத்தமான தண்ணீரைக் குடிப்பதாலும் முட்டை அவன் வயிற்றுக்குள் போகிறது. நாயோடு மண்ணில் விளையாடும் குழந்தைப் பருவத்திலேயே அநேகர் இதைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "ஆட்டுக்கறி சாப்பிட்டதால் வந்தது" என்று பலர் சொல்லுகிறார்கள். அப்படி அல்ல. கட்டியுள்ள ஈரலைத் தெரியாமல் தின்றாலும் மனிதனுக்கு இந்த நோய் வராது. அதில் இருப்பது நாயின் குடலில் மட்டுமே வளரக்கூடிய பருவம். மனிதனுக்கு வருவது நாயின் மலத்தில் உள்ள முட்டையினால்தான். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கும் தொற்றாது. இந்த நோயுள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை.

இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் இந்த நோய் அதிகம் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகின்றன. செம்மறிக் கிடை போடுகிறவர்களையும், கிடையைக் காக்கும் நாய்களையும் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கிடையில் ஓர் ஆடு செத்தால் அதன் குடலும் ஈரலும் யாருக்குப் போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஏன் சிறுநீரகம்?

குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பாலான கருக்கள் வடிகட்டியில் சிக்குவதுபோலச் சிக்கிவிடும். தப்பியவை நுரையீரலில் சிக்கும். ஆகையால் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்கு ஈரலிலும், 20 பேருக்கு நுரையீரலிலும் கட்டி காணப்படுகிறது. இரண்டு வடிகட்டியையும் தாண்டிச் சிறுநீரகம் வரை வந்து சேருவது நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு மட்டுமே. இந்த அபூர்வத்தால்தான் அநேக மருத்துவர்களுக்கு இது உடனே நினைவுக்கு வருவதில்லை.

கட்டி வளரும் வேகம் மிகவும் குறைவு. அது ஒரு தென்னங்காய் அளவுக்கு வரும்வரை, சிலருக்குப் பத்து வருஷம் அல்லது அதற்கும் மேலாக, ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அதற்கு மூன்று உறைகள் உண்டு. வெளியே இருப்பது நோயாளியின் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய மதில். அதற்குள் வெண்மையான, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போன்ற ஒரு படலம். எல்லாவற்றுக்கும் உள்ளே, மெல்லிய ஓர் உயிர்ச்சவ்வு. இந்தச் சவ்விலிருந்துதான் எண்ணற்ற புழுத்தலைகள் முளைக்கின்றன. இவை நீரில் மணலைப்போல அடியில் படியும். பெரிய கட்டிக்குள் சிறு கட்டிகளும் பிறக்கும். திறந்து பார்த்தால் திராட்சைப்பழங்களைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும்.

ஒரு விவசாயக் கூலி, நாற்பது வயதானவர், வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்புக்கு மேல் ஒரு பக்கத்தில் மந்தமான வலி. பாரம் தூக்கியதால் என்று எண்ணி வருஷக்கணக்காகத் தைலம் தேய்த்திருப்பார். சிலருக்கு விலாவுக்குக் கீழே கையில் ஒரு கட்டி தட்டுப்படும். சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் கலந்து வரும். காய்ச்சலோ மெலிவோ பெரும்பாலும் இராது.

இந்த நோய்க்கே உரிய ஓர் அடையாளம் உண்டு. கட்டி சிறுநீர்ப் பாதைக்குள் உடைந்து திறந்துகொண்டால், திராட்சைத் தோல் போன்ற வெண்ணிறத் துண்டுகள் சிறுநீரோடு வெளிவரும். அவை குழாயை அடைத்துக்கொண்டு இறங்கும்போது, கல் இறங்குவதுபோலவே துடிக்கத் துடிக்க வலி வரும். இப்படி வருவது சிறுநீரகக் கட்டி உள்ளவர்களிலும் சிறுபான்மையோருக்குத்தான். ஆனால் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. வெட்கத்தினாலோ அருவருப்பினாலோ நோயாளிகள் இதைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். கேட்டால்தான் சொல்லுவார்கள். கேட்கத் தெரிந்த ஒரு நர்ஸ் பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளை மிச்சப்படுத்திவிடுவார்.

கண்டுபிடிப்பது எப்படி

முதல் கருவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கட்டியின் சுவர் இரட்டைக் கோடாகத் தெரிகிறதா, உள்ளே சிறு கட்டிகள் உண்டா, படலம் கழன்று நீரில் தாமரையிலை போல மிதக்கிறதா என்று அனுபவமுள்ள கண் தேடும். 1981-ல் துனீசியா நாட்டின் கர்பி என்ற மருத்துவர் ஸ்கேனில் தெரியும் இந்தத் தோற்றங்களை வகை பிரித்தார். பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதை விரிவாக்கி, உயிரோடு வளரும் கட்டி, மாறும் நிலையிலுள்ள கட்டி, செத்துச் சுண்ணாம்பு ஏறிய கட்டி என்று தரம் பிரித்தது. வைத்தியம் இந்தத் தரத்தைப் பொறுத்தே அமைகிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் கட்டி சிறுநீர்ப் பாதையோடு தொடர்பு கொண்டிருக்கிறதா என்பதும் விளங்கும். கூடவே ஈரலையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். அங்கேயும் கட்டி ஒளிந்திருக்கலாம்.

இரத்தப் பரிசோதனை உதவும், ஆனால் அதையே நம்பிவிடக் கூடாது. சிறுநீரகக் கட்டி உள்ள சிலருக்கு அது "நோயில்லை" என்றே காட்டும். முன்காலத்தில் கசோனி பரிசோதனை என்று கட்டியின் நீரைத் தோலில் ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள். அது அநேக முறை பொய்யான பதிலைத் தந்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் உண்டாக்கியது. அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். கட்டியின் நீர் மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது. ஆயத்தமில்லாமல் ஊசி குத்தினால் அது வெளியே கசியும். பல வருஷமாக உடம்பு பகைத்து வந்த அந்நிய நீர் அது. திடீரென்று இரத்தத்தில் கலந்தால் உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் விழுதல் ஆகிய ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். மருத்துவர்கள் முன்பு அஞ்சிய அளவுக்கு இதனால் மரணம் நேர்வதில்லை என்று பின்வந்த அனுபவம் காட்டியிருக்கிறது. ஆனாலும் அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் ஓர் உயிர் போனால் அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய எண்ணிக்கை அல்ல. இரண்டாவது தீங்கு மெதுவானது. கசிந்த நீரிலுள்ள ஒவ்வொரு புழுத்தலையும் ஒரு புதுக்கட்டியாக வளரக்கூடியது. ஒரு கட்டியோடு வந்தவர் சில வருஷம் கழித்து வயிறு நிறையக் கட்டிகளோடு திரும்பி வருவார். அதற்குப் பின் அவரைப் பூரணமாகக் குணமாக்குவது மிகக் கடினம்.

ஆகவே சிறுநீரகக் கட்டியில் ஊசி குத்தச் சொல்லும்போது, "ஐயா, இது ஹைடாடிட் கட்டியாக இருக்குமா?" என்று கேட்க நோயாளிக்கும் உறவினருக்கும் முழு உரிமை உண்டு. "எங்கள் வீட்டில் ஆடும் நாயும் உண்டு" என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மாத்திரையும் கத்தியும்

சுமார் 1980 வரை இதற்கு அறுவையைத் தவிர வழியில்லை. இப்போது அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. பெயர் புதிதல்ல. பிப்ரவரி 10-ஆம் தேதி, தேசிய குடற்புழு நீக்க நாளில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே 400 மில்லிகிராம் மாத்திரைதான். குடலிலுள்ள புழுவுக்கு ஒன்றே ஒன்று போதும். ஆனால் கட்டியின் உறைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால், பெரியவர்களுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கட்டி சிறியதாக, உள்ளே சிறு கட்டிகள் இல்லாததாக இருந்தால், மூன்று முதல் ஆறு மாதம் மாத்திரையாலேயே அது சுருங்கிச் செத்துப்போகக் கூடும். பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது.

இங்கே ஏழை நோயாளிகளைப் பொறுத்தவரை மிக முக்கியமான ஒரு காரியம் உண்டு. இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெயோ நெய்யோ சேர்ந்த ஆகாரத்தோடு சாப்பிட்டால், வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு மருந்து இரத்தத்தில் சேருகிறது. வெறுங்கஞ்சியோடு விழுங்குகிறவர் தவறாமல் விழுங்கினாலும் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து "மருந்து கேட்கவில்லை" என்று எழுதி அறுவைக்கு அனுப்புவார்கள். உண்மையில் கேட்காதது மருந்தல்ல. தட்டில் எண்ணெய் இல்லை. ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் இவற்றில் ஏதாவது ஒன்று மாத்திரைக்குத் துணையாக இருக்கட்டும். மாத்திரைச் சீட்டு எழுதுகிறவர் இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மாதந்தோறும் ஈரலின் நிலையையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சோதிக்க வேண்டும். சிலருக்கு ஈரல் பாதிக்கப்படும், வெள்ளணு குறையும், முடி உதிரும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கொடுப்பதில்லை. ஆகையால் கடையில் வாங்கித் தாங்களாகவே மாதக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து.

சிறுநீரகத்திலுள்ள பெரிய கட்டிக்கு இன்றைக்கும் அறுவையே பிரதான வைத்தியம். அதற்குச் சில நாள் அல்லது சில வாரம் முன்பே அல்பெண்டசோல் தொடங்கிவிடுவார்கள். முதுகுப்புறமாக, வயிற்றுறையைத் திறக்காமல் சிறுநீரகத்தை அணுகுவதை விரும்புகிறார்கள். கசிந்தாலும் வயிற்றுக்குள் பரவாது. சுற்றிலும் செறிவான உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி வைப்பார்கள். புழுத்தலைகளைக் கொல்வதற்கே அந்த உப்புநீர். பின்பு கட்டியை முழுதாகவோ, நீரை ஜாக்கிரதையாக உறிஞ்சி எடுத்த பின் உட்சவ்வுகளையோ அகற்றுவார்கள். ஸ்கேனின் துணையோடு ஊசியால் உறிஞ்சி, மருந்து செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறை ஈரலில் நன்கு பழகிவிட்டது. சிறுநீரகத்தில் இதை மிகச் சில இடங்களில், தேர்ந்தவர்கள், முழு ஆயத்தத்தோடு மட்டுமே செய்கிறார்கள். கட்டி சிறுநீர்ப் பாதையோடு தொடர்புள்ளதாக இருந்தால் செய்யவே கூடாது.

சிறுநீரகத்தையே எடுக்க வேண்டுமா என்பதுதான் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி. கட்டி சிறுநீரகம் முழுவதையும் அழித்துவிட்டிருந்தால் எடுக்க வேண்டும்தான். ஆனால் பெரும்பாலோருக்குக் கட்டியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்ற முடிகிறது. நாளைக்கு மற்றச் சிறுநீரகத்துக்குச் சர்க்கரை நோயோ கல்லோ வந்தால், இன்று காப்பாற்றிய பாதிதான் அந்த மனிதனை டயாலிசிஸ் இயந்திரத்திலிருந்து விலக்கி வைக்கும். "எதற்கும் எடுத்துவிடலாம்" என்ற பேச்சை நாங்கள் ஒப்புக்கொள்ளுவதில்லை. மறுபக்கம், ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பு ஏறித் தொந்தரவில்லாமல் இருக்கும் கட்டியை ஒன்றும் செய்யாமல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு சிறு புத்தகம் செய்த வேலை

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டியாக எடுத்து இந்த நோயை ஒழிக்க முடியாது. ஒழித்துக் காட்டியவர்களின் கதை வேறு. 1850-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபான் ஸீபோல்ட், ஆட்டின் கட்டியை நாய்க்குக் கொடுத்து, நாயின் குடலில் நாடாப்புழு வளர்வதைக் காட்டினார். அந்நாளில் ஐஸ்லாந்துத் தீவில் இந்த நோய் மிகவும் கொடுமையாக இருந்தது. ஆடுகள் ஏராளம், நாயில்லாத வீடு இல்லை, நீண்ட குளிர்காலத்தில் மனிதரும் நாயும் ஒரே கூரையின்கீழ் அடைந்து கிடப்பார்கள். 1863-ல் ஹரால்ட் க்ராப்பே என்ற டேனிஷ் ஆராய்ச்சியாளர் அங்கே போய் நூறு நாய்களை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது.

அவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். புழு எப்படிச் சுற்றி வருகிறது, அறுத்த ஆட்டின் கட்டியுள்ள உறுப்புகளை ஏன் நாய்க்குப் போடாமல் புதைக்க வேண்டும் என்று எளிய நடையில் விளக்கி, அதை 1864-ல் தீவிலுள்ள குடும்பங்களுக்கு இலவசமாக விநியோகம் செய்தார்கள். ஐஸ்லாந்து மக்கள் குளிர்கால இரவுகளில் வீட்டிலுள்ளோர் கேட்க ஒருவர் உரக்க வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள். 1869-ல் நாய்களைக் குறைக்கவும் கழிவைப் புதைக்கவும் சட்டம் வந்தது. மனிதனுக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அப்படியிருந்தும் 1900-க்குப் பின் பிறந்தவர்களிடம் இந்த நோய் மிக அரிதாகிப்போனது.

நியூசிலாந்தின் கதையில் நமக்குத் தெரிந்த ஒரு பொருள் வருகிறது. அங்கே நாய்களுக்குப் பேதி கொடுத்துப் புழு இருக்கிறதா என்று சோதிக்க உபயோகித்த அரிகோலின் என்னும் மருந்து, நம்முடைய கொட்டைப்பாக்கில் உள்ள சத்துதான். 1959-ல் சட்டம் இயற்றி, நாய்களைக் கிரமமாகச் சோதித்து, பின்னர் பிராசிகுவாண்டெல் மருந்தைக் கொடுத்து, கடைசியில் 2002-ல் நோய் தற்சமயம் ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

அவை தீவுகள், நாய்க்கெல்லாம் சொந்தக்காரன் உண்டு. நம் ஊர்த் தெருநாய்க்கு யார் மாத்திரை கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டை அறுக்கிற இடம் நம் கையில் இருக்கிறது. ஆட்டுத்தொட்டியிலும், திருவிழாவிலும், கல்யாண வீட்டிலும், கிடையிலும், நீர்க்கட்டி தெரிகிற ஈரலையும் நுரையீரலையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கலாம், அல்லது எரிக்கலாம். நாய்க்குப் போட்டே தீர வேண்டுமானால் அரைமணி நேரம் கொதிக்க வைத்துப் போடலாம். உங்கள் சபைகளில் ஆடு வளர்ப்போரும் கறிக்கடை வைத்திருப்போரும் இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு இரண்டு சீட்டு கொடுக்க வேண்டும். ஒன்று அவருக்கு: மாத்திரை இன்னும் எத்தனை மாதம், எந்த ஆகாரத்தோடு, அடுத்த ஸ்கேன் எப்போது என்று. கட்டி திரும்ப வரக்கூடுமாதலால் ஸ்கேன் பல வருஷம் தொடர வேண்டும்; வலி இல்லை என்று நின்றுவிடக் கூடாது. கூடவே ஒரே முற்றத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருமுறை ஸ்கேன் பார்ப்பது நல்லது. மற்றச் சீட்டு அவர் வீட்டு நாய்க்கு. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நாயின் எடைக்கேற்ற பிராசிகுவாண்டெல் மாத்திரையை வாங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்ல வேண்டும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே மாத்திரை கொடுத்த பின் சில நாள் நாயைக் கட்டி வைத்து, அதன் மலத்தை மண்வெட்டியால் அள்ளி ஆழப் புதைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.